காய் பறிக்கும் காலத்திற் செஞ்சிற்றுண்ணி: மருந்து விசிறுதல் முறையா?

கத்தரிச் செய்கையில் முதற் பறிப்பு முடிந்து நாலாம் ஐந்தாம் பறிப்பு நடைபெறும் காலத்திலேதான் செஞ்சிற்றுண்ணி பெரும்பாலும் தன் முழு வேகத்தையும் காட்டுகின்றது. அதுவரை பசுமையாக நின்ற செடியின் அடியிலைகளில் ஊசியாற் குத்தியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. சில நாட்களில் அப்புள்ளிகள் ஒன்றுசேர, இலை மங்கிப் பழுப்பேறுகின்றது. இலையின் கீழ்ப்புறத்தில் சிலந்தி நூல் படருகின்றது. செடியிலோ பறிக்கத்தக்க காய்கள் தொங்குகின்றன; சந்தை நாளும் நெருங்கிவிட்டது. இந்நிலையிற் கமக்காரர் பலர் செய்வது ஒன்றே. மாலையில் மருந்தை விசிறி, மறுநாட் காலையிலோ அதற்கடுத்த நாளிலோ காய் ஆய்ந்து சந்தைக்கு அனுப்புகின்றனர். இச்செயல் பயிரையும் காப்பதில்லை. காயை உண்பவரையும் காப்பதில்லை. ஏன் அவ்வாறு கூறவேண்டும் என்பதற்குச் சிற்றுண்ணியின் இயல்பையே முதலில் நோக்குதல் வேண்டும்.

செஞ்சிற்றுண்ணி பூச்சியன்று. பூச்சிக்குக் கால் ஆறு; இதற்குக் கால் எட்டு. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு மாத்திரம் ஆறு கால்கள் இருக்கும். சிலந்தி, தேள், மாட்டுண்ணி என்பவற்றின் சுற்றத்தைச் சேர்ந்தது இது. வளர்ந்த பெண்ணின் நீளமும் ஏறத்தாழ அரை மில்லிமீற்றரே. பெயரிற் செம்மை இருப்பினும் எல்லாம் சிவப்பாயிருப்பதில்லை. பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில், முதுகின் இருபுறமும் கரும்பொட்டு உடையவையும் உண்டு. ஐயமுள்ள இலையை ஒரு வெள்ளைத் தாளின்மேற் பிடித்துத் தட்டினால் தூசிபோலச் சில புள்ளிகள் விழும். அப்புள்ளிகள் மெல்ல ஊர்ந்தால் அவை சிற்றுண்ணியே. அவற்றிடையே பளபளப்பான ஒன்றிரண்டு விரைந்து ஓடுமாயின் அவற்றை நசுக்கலாகாது. அவை சிற்றுண்ணியைத் தின்னும் வேறோர் இனச் சிற்றுண்ணிகள். அவற்றைப் பற்றிப் பின்னர் கூறப்படும்.

வெப்பமும் வறட்சியும் இதற்கு உகந்தவை. வெப்பம் மிக்க நாட்களில் முட்டை வளர்ந்து முழுச் சிற்றுண்ணியாக ஏறத்தாழ ஒரு வாரமே செல்லும். ஒரு பெண் தன் வாழ்நாளில் நூறளவில், சிலவேளை அதற்கு மேலும் முட்டையிடும். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வைகாசி முதல் ஆவணி வரை சோளகக் காற்று வீசும் காலத்தில் மழை அரிது. மண் காய்ந்து புழுதி எழும். ஒழுங்கையோரத்துத் தோட்டங்களில் இலைமேற் புழுதி படிந்த வரிசைகளே முதலிற் பழுப்பேறுவதைக் கமக்காரர் கண்டிருப்பர். மாரி மழை தொடங்கியதும் இப்பீடை தானாகவே அடங்கிவிடும். ஆனால் அதற்குள் சிறுபோகத் தோட்டம் முடிந்துவிடும்.

கத்தரி மாத்திரமன்று, வெண்டி, போஞ்சி, பயற்றை, தக்காளி, வத்தகை, மரவள்ளி, பப்பாசி என ஆயிரத்துக்கு மேற்பட்ட தாவர இனங்களில் இது வாழவல்லது. நெற்பயிரை இது பொதுவாக நாடுவதில்லை. ஆயினும் நெற்செய்கையாளர் இதனைத் தமக்குரியதன்று எனத் தள்ளிவிடலாகாது. காலபோக நெல் அறுவடையான வயலில் வெண்டியும் பயற்றையும் வத்தகையும் வைப்போர் பலர். அப்பயிர்கள் காய்க்கும் காலம் செஞ்சிற்றுண்ணி பெருகும் காலமாகவே அமைகின்றது.

நிற்க, இப்பீடை ஏன் காய் பறிக்கும் பருவத்திற் பெருகுகின்றது? வெயில் மட்டுமே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே. மறுபாதி தெளிகருவியில் இருக்கின்றது. கத்தரியிலே தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு அஞ்சிப் பூ வரும் நாள் தொட்டே கிழமைக்கொரு தடவை மருந்து விசிறுவது வழக்கமாகிவிட்டது. சைபர்மெத்ரின் போன்ற பைரெத்ரொயிட்டு மருந்துகள் இதற்கு மிகுதியாகப் பயன்படுகின்றன. அம்மருந்து செஞ்சிற்றுண்ணியை அவ்வளவாகக் கொல்லாது. அதனை உண்டு வாழும் சிறு கரிய பொறிவண்டு, கொன்றுண்ணும் பனிப்பூச்சி, கண்ணாடி இறக்கைப் பூச்சியின் குஞ்சு, கொன்றுண்ணிச் சிற்றுண்ணி ஆகியவற்றையே கொல்லும். காவலாளரைக் கொன்றபின் கள்வன் பெருகுவதில் வியப்பில்லை. ஆகவே ஆறாம் கிழமையிற் காணப்படும் செஞ்சிற்றுண்ணி பல தோட்டங்களில் முதல் ஐந்து கிழமைகளில் விசிறிய மருந்தின் விளைவேயாகும். அந்நோய்க்கு மேலும் மருந்து விசிறுவதே பரிகாரம் என்பது பொருத்தமற்றது.

இது புதிய செய்தியன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் டீ.டீ.ரீ. மருந்து பரவியபோது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அப்பிள் தோட்டங்களில் அதுவரை பொருட்படுத்தப்படாத சிற்றுண்ணிகள் பெரும் பீடையாயின. இலங்கையிலேயே இதற்கொப்பான பாடம் உண்டு. தேயிலையிலே இலைகளை நூலாற் பிணைத்து உண்ணும் புழுவை அடக்குவதற்கு 1935ஆம் ஆண்டளவில் யாவாத் தீவிலிருந்து ஒரு சிறு குளவி கொண்டுவரப்பட்டது. அக்குளவி அப்புழுவைப் பல ஆண்டுகளாக அடக்கி வைத்தது. பின்னர் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்கு எதிராக டீல்ட்ரின் விசிறப்பட்ட தோட்டங்களில் குளவி அழிந்தது. இலைப்புழு மீண்டும் பெருகியது. ஒரு பீடைக்கு விசிறிய மருந்து மற்றொரு பீடையை வளர்த்த கதை இது.

இதற்கு எதிரான நல்ல எடுத்துக்காட்டும் இந்நாட்டில் உண்டு. 1997ஆம் ஆண்டின் இறுதியிற் கற்பிட்டிப் பகுதியிலே தென்னைச் சிற்றுண்ணி கண்டுபிடிக்கப்பட்டது. இது செஞ்சிற்றுண்ணியன்று, குரும்பையின் மூடிதழ்களுக்குக் கீழே ஒளிந்து வாழும் வேறினம். உயர்ந்த மரத்தின் குரும்பையினுள் ஒளிந்திருப்பதை மருந்தால் எட்டுவது எளிதன்று. ஆகவே லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் அதனை உண்ணும் கொன்றுண்ணிச் சிற்றுண்ணியை ஆய்வுகூடத்தில் வளர்த்துத் தோட்டங்களில் விடும் முறையைக் கையாண்டது. சிற்றுண்ணிக்குச் சிற்றுண்ணியே பகை என்பதை அரசாங்க நிலையமே செய்து காட்டியிருக்கும்போது, மரக்கறித் தோட்டத்தில் இயற்கையாகவே வந்து சேரும் அப்பகையைக் கிழமைதோறும் நஞ்சிட்டு அழிப்பது அறிவுடைமையாகாது.

இனி, காய் பறிக்கும் பயிரில் மருந்து விசிறுவதன் கணக்கைப் பார்க்கலாம். ஒவ்வொரு மருந்துப் போத்தலின் சுட்டுத்துண்டிலும் இறுதியாக விசிறியதற்கும் அறுவடைக்குமிடையே விடவேண்டிய நாட்கள் குறிக்கப்பட்டிருக்கும். பீடைநாசினிகளைக் கட்டுப்படுத்தும் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பதியப்பட்ட மருந்துகளில் இவ்விபரம் தமிழிலும் இருக்கும். மருந்துக்கு மருந்து, பயிருக்குப் பயிர் அந்நாட்கள் வேறுபடும். நெல்லை ஒரே நாளில் அறுக்கலாம். ஆதலால் நாட்களை எண்ணிவிடுதல் எளிது. கத்தரியும் வெண்டியும் அவ்வாறல்ல. வெண்டியை இரண்டு நாளுக்கொரு தடவையும் கத்தரியை நாலைந்து நாளுக்கொரு தடவையும் ஆய்தல் வேண்டும். சுட்டுத்துண்டில் பதினான்கு நாள் என்றிருந்தாற் கத்தரியில் மூன்று பறிப்பை இழக்க நேரிடும். வெண்டியில் ஆறேழு பறிப்பு முற்றிப் போகும். அக்காய்களைப் பறித்து எறிதல் வேண்டும். எறியாமல் விற்பின், உண்பவர் பசியாறுவது நஞ்சோடாகும்.

இன்னும் மூன்று நான்கு பறிப்பே எஞ்சியுள்ள தோட்டத்தில் இக்கணக்கு எவ்வகையிலும் பொருந்தாது. இடைவெளியைக் கடைப்பிடித்தால் அறுவடை முழுவதும் போய்விடும். கடைப்பிடியாவிட்டால் மருந்து காயோடு சந்தைக்குப் போகும். மருந்து வாங்கிய பணமும் விசிறிய கூலியும் மேலதிக நட்டம். மருந்தினாற் பழுப்பேறிய இலை மீண்டும் பச்சையாகுமா என்றால் அதுவும் இல்லை. சிற்றுண்ணி உறிஞ்சிய கலங்கள் உறிஞ்சப்பட்டவையே. புதுத் தளிர் வந்து, பூத்து, காய்த்துப் பயன் தருவதற்கு வேண்டிய கிழமைகள் அச்செடிக்கு எஞ்சியிருப்பதில்லை. செடியில் ஏற்கெனவே பருத்துவிட்ட காய்களோ, இலை ஓரளவு பழுதுபட்டாலும் பறிப்புக்கு வந்துவிடும். ஆதலால் எஞ்சிய காயை ஆய்ந்துவிட்டுச் செடியைப் பிடுங்குவதே இலாபமான வழி.

காயைக் கழுவினால் மருந்து போய்விடும் என்று சொல்வோரும் உண்டு. மேலே படிந்ததில் ஒரு பகுதி கழுவுதலாற் போகலாம். ஆனால் இலையினுள்ளும் காயினுள்ளும் ஊறிச் செல்லும் தன்மையுள்ள மருந்துகள் பல. அவை கழுவுதலாற் போவதில்லை. சமைத்தாலும் எல்லாம் அழிந்துவிடும் என்று நம்பியிருக்கலாகாது. பழைய கமக்காரர் சிற்றுண்ணிக்குக் கண்கண்ட மருந்தென்று போற்றிய டைமெதோயேற்று இத்தகையதே. மொனோகுரோட்டோபொஸ் 1995ஆம் ஆண்டிலும், எண்டோசல்பான் 1998ஆம் ஆண்டிலும் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டன. டைமெதோயேற்று 2008ஆம் ஆண்டின் தீர்மானத்தின்படி படிப்படியாக விலக்கப்பட்டது. பெயர் தெரியாத போத்தலில் எவரேனும் இவற்றைக் கொண்டுவந்து கொடுப்பின் வாங்கலாகாது.

மருந்தின் வலுவையும் நோக்குதல் வேண்டும். செஞ்சிற்றுண்ணி மருந்துக்குப் பழகுவதில் பீடைகளுள் முதலிடம் பெறத்தக்கது. உலகெங்கும் 90க்கு மேற்பட்ட மருந்துப் பொருள்களுக்கு அது எதிர்ப்புப் பெற்றுள்ளமை பதிவாகியுள்ளது. அதன் தலைமுறை குறுகியது. ஓராண்டிற் பல தலைமுறைகள் தோன்றும். கருக்கட்டாத முட்டையிலிருந்து ஆண் பிறப்பதால், தாயிடமுள்ள எதிர்ப்புக் குணம் மறைந்து கிடவாமல் மகனிடம் உடனே வெளிப்படும். பல மருந்துகள் முட்டையைத் தொடுவதில்லை. ஆகவே விசிறிய ஐந்தாறு நாட்களிற் புதுக் குஞ்சுகள் வெளிவருகின்றன. அதனைக் கண்டு கமக்காரர் அளவைக் கூட்டுகின்றனர். இரண்டு மூன்று மருந்துகளை ஒரே தாங்கியிற் கலக்கின்றனர். தப்பிய சிற்றுண்ணிகள் வலியவையாகின்றன. அடுத்த போகத்தில் அதே மருந்து நீருக்குச் சமமாகின்றது.

இவ்வளவும் கூறியதால் மருந்தே வேண்டாம் என்று கொள்ளலாகாது. பூக்காத இளஞ்செடியில், நாற்று நட்டுச் சில கிழமைகளுள், சிற்றுண்ணி பரவுமாயின் நிலைமை வேறு. அப்போது செடிக்கு நெடுங்காலம் உண்டு, காய் இல்லை. சிற்றுண்ணிக்கென்றே பதியப்பட்ட மருந்தொன்றை விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையோடு ஒரு தடவை விசிறுதல் நியாயமே. மீண்டும் விசிற நேரிடின் வேறு வகை மருந்தைத் தெரிதல் வேண்டும். இங்கு மறுக்கப்படுவது காய் தொங்கும் செடியில் இறுதி நேரத்தில் விசிறும் வழக்கமே.

அவ்வாறாயின் பறிப்புக் காலத்திற் பீடை கண்ட கமக்காரர் கைகட்டி நிற்பதா? அன்று. முதலாவது கருவி நீரே. நீரிறைக்கும் இயந்திரமுள்ள தோட்டத்திற் குழாயின் முனையை ஒடுக்கி, இலைகளின் கீழ்ப்புறத்திற் படும்படி கீழிருந்து மேல்நோக்கி நீரைப் பீச்சுதல் வேண்டும். மேலிருந்து ஊற்றுவதாற் பயனில்லை. சிற்றுண்ணி இருப்பது கீழ்ப்புறத்திலே. நூல் அறுந்து, சிற்றுண்ணியும் முட்டையும் பெருமளவு நிலத்தில் விழும், புழுதியும் கழுவப்படும். மூன்று நாளுக்கொரு தடவையாக மூன்று நான்கு முறை செய்தல் வேண்டும். காலையிற் செய்தால் இலை விரைவிற் காய்ந்து பூஞ்சண நோய்க்கு இடமளியாது. கிணற்று நீர் குறைந்த கோடையில் இது எல்லோர்க்கும் இயலாது என்பது உண்மை. அத்தகையோர் பீடை கண்ட வரிசைகளுக்கு மட்டுமேனும் செய்யலாம். வழமையான பாசனத்தையும் தவறவிடலாகாது. வாடிய செடியிலே சிற்றுண்ணி மேலும் விரைந்து பெருகும். இலை பழுக்கின்றதே என்று யூரியாவை அள்ளிப் போடுவதும் தவறு. தழைச்சத்து மிகுந்த இலை சிற்றுண்ணிக்கு விருந்தாகும்.

இரண்டாவது, நூல் படர்ந்த அடியிலைகளைக் கிள்ளி ஒரு சாக்கினுள் இட்டு அகற்றுதல். அவ்விலைகளாற் செடிக்குப் பயனில்லை. பீடையின் கூட்டமோ பெரும்பாலும் அவற்றிலேயே இருக்கும். வெறுங்கையாற் செய்யக்கூடிய இவ்வேலையை மதிப்போர் குறைவு.

மூன்றாவது வேப்பங்கொட்டைச் சாறு. வேம்பு நிறைந்த வடக்கிலும் கிழக்கிலும் இதற்குக் குறைவில்லை. உலர்ந்த வேப்பம் பருப்பை இடித்து, லீற்றர் நீருக்கு 50 கிராம் வீதம் துணியிற் கட்டி இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாட் பிழிந்து வடித்துச் சிறிது சவர்க்காரக் கரைசல் சேர்த்தல் வேண்டும். அதனை மாலை வேளையில் இலைகளின் கீழ்ப்புறம் நனைய விசிறுதல் வேண்டும். சவர்க்காரம் என்பது சாதாரணச் சவர்க்காரக் கட்டியே. துணி வெளுக்கும் தூள் இலையைக் கருக்கும். முதலில் இரண்டு மூன்று செடிகளில் விசிறி இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது நன்று. இது ஒரே நாளில் எல்லாவற்றையும் கொல்லாது. ஒரே நாளிற் கொல்லும் மருந்துக்குப் பழகியவர்க்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆயினும் பறிப்புக்கு இருக்கும் பத்துப் பதினைந்து நாட்களைக் கடத்துவதற்கு இது போதும்.

நனையும் கந்தகத் தூளும் சிற்றுண்ணிக்கு நல்ல மருந்தே. ஆனால் உச்சி வெயிலில் விசிறினால் இலை எரியும். பூசணிக் குடும்பப் பயிர்கள் சில இதனைத் தாங்கா. எண்ணெய் கலந்த மருந்து விசிறிய அணிமையில் இதனை விசிறலாகாது. காயின்மேல் வெண்படிவும் தங்கும். ஆதலாற் பறிப்புக் காலத்தைவிட அதற்கு முன்னரே இது ஏற்றது.

மிளகாய்ச் செய்கையாளர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மிளகாயில் இலை சுருளுவதெல்லாம் செஞ்சிற்றுண்ணியால் அன்று. இலையோரம் கீழ்நோக்கி மடிந்து தளிர் குறுகினால் அது பெரும்பாலும் மஞ்சட் சிற்றுண்ணியின் வேலை; மேல்நோக்கிச் சுருண்டாற் பனிப்பூச்சியின் வேலை. மஞ்சட் சிற்றுண்ணி ஈரமான காலத்தையே விரும்பும், தளிரில் இருக்கும், நூல் கட்டாது. இதையும் அதையும் ஒன்றென எண்ணி ஒரே மருந்தை வாங்குவோர் கடைக்காரருக்கே நன்மை செய்கின்றனர்.

மருந்தடியாவிட்டால் நட்டம் யாருக்கு என்று கமக்காரர் கேட்கலாம். விதைக்கும் பசளைக்கும் இயந்திர எண்ணெய்க்கும் கடன்பட்டவர் அவர். சந்தையில் விலை விழுந்த நாளில் அவருக்குத் துணை நிற்போர் இலர். அயல் தோட்டக்காரர் மருந்தடித்துப் பளபளக்கும் காயைக் கொண்டுவர, தாம் மட்டும் ஏன் பொறுக்கவேண்டும் என்ற வினாவும் நேர்மையானதே. ஆனாற் கத்தரிக்காயின் பளபளப்பைச் செஞ்சிற்றுண்ணி பொதுவாகக் கெடுப்பதில்லை. அது கெடுப்பது இலையை. வெண்டியிலும் போஞ்சியிலும் பீடை மிக முற்றினாற் காயிலும் புள்ளி விழும் என்பது உண்மை. அந்நிலை வருமுன்னரே பிஞ்சுப் பருவத்தில் ஆய்ந்துவிடலாம். சந்தையிலே வாங்குவோர் காயின் வடிவைப் பார்த்து விலை சொல்கின்றனரேயன்றி அதனுள் இருப்பதைப் பார்ப்பதில்லை. இக்குறை கமக்காரருடையது மட்டுமன்று. நஞ்சின் எச்சத்தைச் சந்தைகளிலேயே சோதிக்கும் வசதியும், இடைவெளி காத்த காய்க்கு மேலான விலையும் இருந்தாலன்றி இவ்வறிவுரை அரைவழியே செல்லும். நல்ல விவசாய நடைமுறைகளின்கீழ் விவசாயத் திணைக்களம் வழங்கும் சான்றிதழ் இத்திசையில் ஒரு தொடக்கம். அதனைப் பெற விரும்புவோர் மருந்து விசிறிய நாளையும் காய் ஆய்ந்த நாளையும் கொப்பியிற் குறித்து வருதல் வேண்டும். சான்றிதழ் வேண்டாதவரும் அக்கொப்பியை வைத்திருப்பது நல்லது.

சில தோட்டங்களில் வீட்டுக் கறிக்கென்று கிணற்றடியில் நாலு கத்தரி தனியே நிற்கும். அவற்றுக்கு மருந்து விசிறுவதில்லை. அந்த நாலு செடிகளும் பேசுவதை வேறு எந்தப் பிரசுரமும் இவ்வளவு தெளிவாகப் பேசாது. மருந்தின் தன்மையை அறியாமற் செய்கின்றார் என்று அக்கமக்காரரைப் பற்றி எவரும் கூறமுடியாது. சந்தையில் அக்காயை வாங்குபவரும் தம் பிள்ளைகளுக்கே சமைக்கின்றார்.

இறுதிப் பறிப்பு முடிந்த தோட்டத்தைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். காய் ஓய்ந்ததும் நீர் கட்டுவதை நிறுத்தி, செடியை அப்படியே நின்று காயவிடுவது பலரது வழக்கம். இலை காயக்காயச் சிற்றுண்ணிகள் நுனிக்கு ஏறி, நூல் விட்டுக் காற்றில் மிதந்து அயல் தோட்டத்துக்குச் செல்லும். ஆதலால் இறுதிக் காயை ஆய்ந்த அன்றோ மறுநாளோ செடிகளைப் பிடுங்கி, எரித்தோ ஆழக் குழிவெட்டிப் புதைத்தோ விடுதல் வேண்டும். வரம்பிலும் வேலியடியிலும் குவிப்பது கூடாது. வேலியோரத்து மரவள்ளியிலும் பப்பாசியிலும் பழுத்த இலைகளைக் கழித்தல் வேண்டும். தோட்டத்தில் வேலை செய்வோர் பீடையில்லாத பாத்திகளில் முதலில் வேலை முடித்து, பீடையுள்ள பாத்திக்குக் கடைசியாகச் செல்லுதல் நன்று. உடுப்பிலும் கூடையிலும் சிற்றுண்ணி ஒட்டி வரும். அடுத்த நாற்றுமேடையைச் சோளகம் வந்து சேரும் பக்கத்தில் அமைத்தால், பழைய தோட்டத்திலிருந்து காற்று அதன்மேல் வீசாது.